‘ஹலால்தானே?’ என்று மட்டும் கேட்காதீர்கள்

முதல் தடவை ஏமாந்தது நானேதான். மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடித்த மறுநாள், கொரியச் சாப்பாடு வாங்கித் தந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இரண்டு வருஷமாக கொரிய சீரியல் பார்த்துப் பார்த்து, அவர்கள் உறிஞ்சும் நூடுல்ஸ் சத்தம்கூட அவளுக்கு மனப்பாடம். நான் ஒரு கடைக்குப் போன் போட்டு, “ஹலால்தானே?” என்று கேட்டேன். “ஆமா மேடம், ஹலால்தான்” என்றார்கள். நாலு பேரும் கிளம்பிப் போய், செருப்பைக் கழற்றி, சம்மணம் போட்டு உட்கார்ந்து மெனுவைப் புரட்டினால், இரண்டாம் பக்கம் முழுக்கப் பன்றியின் வயிற்றுக்கறி வரி வரியாகப் பளபளக்கிறது. பரிமாறும் தம்பியைக் கூப்பிட்டேன். “சிக்கன் ஹலால் மேடம். இது போர்க்” என்றார், ரொம்பத் தெளிவாக.

அவர் பொய் சொல்லவில்லை. என் கேள்விதான் மொட்டையாக இருந்தது. அன்று பார்லி டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்து, ராயப்பேட்டையில் பிரியாணி சாப்பிட்டோம். மகள் வழிநெடுகப் பேசவில்லை.

அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு தடவையாவது கொரியக் கடைகளுக்குப் போயிருப்போம். இப்போது மைலாப்பூர்ச் சிநேகிதி முதல் மண்ணடிச் சொந்தக்காரர்கள் வரை, “நாங்க போறோம், என்ன கேக்கணும், என்ன சாப்பிடணும்?” என்று எனக்குத்தான் போன் போடுகிறார்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைக்கிறேன்.

எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். நான் காயல்பட்டினத்துக்காரி, ஷாஃபி. வீட்டுக்காரர் திண்டுக்கல் பக்கத்து ராவுத்தர், ஹனஃபி. மகள் என்னை உம்மா என்பாள், அவரை அத்தா என்பாள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். ஷாஃபி, ஹனஃபி என்பவை மார்க்கச் சட்ட வழிகள், மத்ஹப் என்போம். ஆகவே ஒரே மேசையில் இரண்டு மத்ஹபும் மூன்று தலைமுறையும் உட்காரும்.

சென்னையில் கொரியக் கடைகள் எப்படி வந்தன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஹூண்டாய் 1996-ல் இந்தியாவுக்கு வந்து, இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை கட்டி, 1998-ல் சான்ட்ரோவை வெளியே விட்டது. அதோடு உதிரிபாகக் கம்பெனிகளும் கொரிய இன்ஜினியர்களும் அவர்கள் குடும்பங்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் ஊர்ச் சாப்பாட்டுக்காகத் திறந்த கடைகள் ஒரு வகை. அங்கே பன்றிக்கறி இல்லாமல் இராது, அது அவர்களுடைய அன்றாடச் சாப்பாடு. இப்போது கல்லூரிப் பிள்ளைகளை நம்பி, பொரித்த கோழியும் ராம்யோன் நூடுல்ஸும் தொக்பொக்கி என்ற காரமான அரிசிமாவுத் துண்டுகளும் வைத்துத் திறப்பவை இன்னொரு வகை. ‘ஹலால்’ என்ற சொல்லை இந்த இரண்டாவது வகையில்தான் அதிகம் பார்க்கலாம். ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள்.

கொரியாவின் சுற்றுலா நிறுவனம் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. முஸ்லிம் பயணிகளுக்காக அங்கே உணவகங்களை வகை பிரித்திருக்கிறார்கள். சான்றிதழ் வாங்கிய கடை ஒன்று. சான்றிதழ் இல்லாமல் உரிமையாளரே ‘எல்லாம் ஹலால்தான்’ என்று உறுதி சொல்லும் கடை இரண்டாவது. சில ஹலால் உணவுகள் மட்டும் உள்ள, மதுவும் விற்கக்கூடிய கடை மூன்றாவது. பன்றி மட்டும் இல்லாத கடை நாலாவது. சென்னையில் இப்படி யாரும் பலகை மாட்டமாட்டார்கள். ஆனால் போன் செய்யும்போது, ‘இவர்கள் எந்த வகை?’ என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தால் போதும். என்னிடம் ‘ஹலால்தான்’ என்று சொன்ன கடை மூன்றாவது வகை. நான் முதல் வகை என்று நினைத்துக்கொண்டு போனேன்.

சரி, போனில் என்ன கேட்பது? இரவு எட்டு மணிக்குக் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் யாரும் எதற்கும் ஆமாம்தான் சொல்வார்கள். சாயங்காலம் நாலு மணிவாக்கில் கூப்பிட்டு, மாஸ்டரிடமோ மேனேஜரிடமோ கொடுக்கச் சொல்லுங்கள்.

நான் முதலில் கேட்பது, “உங்கள் சமையலறைக்குள் பன்றிக்கறி வருமா?” என்றுதான். மெனுவில் இருக்கிறதா என்று கேட்பதைவிட இது மேல். வராது என்றால் பாதி வேலை முடிந்தது. வரும் என்றால், கோழியை எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று அடுத்து கேட்க வேண்டும். பன்றிக் கட்லெட்டும் கோழியும் ஒரே சட்டியில் பொரிந்தால், கோழி எங்கே அறுத்தது என்று விசாரித்துப் பிரயோஜனம் இல்லை. மேசையில் வைத்துச் சுடும் கல்லும் அப்படித்தான். முன்னால் சாப்பிட்டவர்கள் எதைச் சுட்டார்கள் என்று அந்தக் கல்லைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? சமையலறைக்குள் பன்றி வரும் என்றால் நான் இப்போது நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுவேன். “மீன் மட்டும் சாப்பிட்டு வரலாமே” என்பார் என் வீட்டுக்காரர். ஒரு தடவை கம்பெனி விருந்தில் அவருக்கு அப்படித்தான் ஆனது. மூன்று மணி நேரம் வெள்ளைச் சோறும் முள்ளங்கியும் தின்றுகொண்டு, பக்கத்து மேசைப் புகையில் உட்கார்ந்திருந்தார். போன காசுக்கு அது தேவையா?

இரண்டாவது, “கறி எங்கே வாங்குகிறீர்கள்?” சென்னையில் இது கஷ்டமான கேள்வி இல்லை. சைதாப்பேட்டையோ புதுப்பேட்டையோ சிந்தாதிரிப்பேட்டையோ, கடை பெயரைச் சொன்னால் நமக்கே தெரிந்திருக்கும். உறைந்த பாக்கெட் என்றால் பாக்கெட்டில் முத்திரை உண்டா என்று கேளுங்கள். உண்மையாக நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்வார்கள், சிலர் பில்லையே போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவார்கள். இழுத்து மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. நானே ஒரு வருஷம் கழித்துத்தான் கேட்க ஆரம்பித்தேன். “கறியை ஊறவைக்கும்போது சமையல் ஒயின் ஊற்றுவீர்களா?” புல்கோகிக்கு மாட்டுக்கறியை மெல்லிசாகச் சீவி, சோயா சாஸ், சர்க்கரை, பூண்டு, நல்லெண்ணெய், அரைத்த பேரிக்காய் எல்லாம் சேர்த்துப் பிசறி வைப்பார்கள். பேரிக்காய் எதற்கு என்றால், நாம் கறி வேக பப்பாளிக்காய் போடுகிற அதே கணக்கு, கறி மெத்தென்று ஆகும். இதோடு கவிச்சை போக மிரின் மாதிரி ஒரு அரிசி ஒயினும் ஊற்றுவது அவர்கள் வழக்கம். தமிழ்நாட்டில் தனி ஓட்டல்களில் மது பரிமாறுவது அரிது என்பதால், ‘கடையில் மது இல்லை’ என்று நாம் நிம்மதியாக இருப்போம். அது அடுப்படியில் பாட்டிலாக நிற்கும். ஊற்றாமல் செய்து தரச் சொன்னால் செய்வார்கள். ஆனால் காலையிலேயே ஊறவைத்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இதற்கு அன்றைக்கு நாலு மணிகூடத் தாமதமாகலாம். முடிந்தால் முந்தின நாளே கூப்பிடுங்கள்.

கோச்சுஜாங் பற்றியும் சொல்ல வேண்டும். மிளகாய்த்தூள், கவுனி அரிசி மாதிரி ஒட்டும் அரிசி, புளிக்கவைத்த சோயா, உப்பு சேர்த்து மாதக்கணக்கில் பழுக்கவிடும் சிவப்பு விழுது அது. கொரியச் சாப்பாட்டின் காரமெல்லாம் அதில்தான். டப்பாவில் வருவதில் பல கம்பெனிகள், மேலும் புளிக்காமல் இருக்கக் கொஞ்சம் ஆல்கஹால் சேர்க்கின்றன. டப்பாவின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும். கொரிய முஸ்லிம் சம்மேளனத்தின் முத்திரையோ மலேசியா, இந்தோனேசியா முத்திரையோ போட்டும் வருகிறது. கடைக்காரர் டப்பாவைக் காட்டத் தயாரா என்று பாருங்கள். முத்திரை இல்லாததைச் சாப்பிடலாமா என்று என்னைக் கேட்காதீர்கள், மார்க்கம் படித்த உங்கள் பள்ளிவாசல் ஆலிமைக் கேளுங்கள். நான் சாப்பிடுவதில்லை. என் தங்கை சாப்பிடுகிறாள், அவளுக்கு வேறு ஒருவர் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்.

மகள் எனக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளும் உதவும். த்வேஜி என்றால் பன்றி. சோ என்றால் மாடு. தக் என்றால் கோழி. கோகி என்றால் கறி. மெனுவில் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாலும், த்வேஜி என்று வந்தால் தாண்டிவிடலாம். ஆனால் பெயரில் சொல்லாமலே பன்றி ஒளிந்திருக்கும் இடங்களும் உண்டு. சீரியலில் எல்லோரும் வீடு மாறும் நாளில் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் கறுப்பு நூடுல்ஸ், ஜாஜாங்மியோன், வழக்கமாகப் பன்றிக்கறி போட்டுச் செய்வது. கிம்ச்சி, அதாவது காரம் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ், சேர்த்துக் கொதிக்கவைக்கும் கிம்ச்சி ஜிகே என்ற ஆணமும் (குழம்பும்) அப்படித்தான், அதைச் சூரை மீன் போட்டுக் கேட்கலாம். கொழுக்கட்டை மாதிரி இருக்கும் மாண்டுவுக்குள் என்ன என்று கேட்காமல் வாயில் வைக்காதீர்கள். கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப்பில் ஹாம் இருக்கும், பன்றித்தொடைக்கறி. சூண்டே என்பது ரத்தம் அடைத்த குடல், அதற்கு விசாரணையே வேண்டாம். இதெல்லாம் கலப்புக் கடையில் பார்க்க வேண்டியது. முழு ஹலால் கடையில் இதே ஜாஜாங்மியோனை மாட்டுக்கறியிலோ கோழியிலோ செய்து வைத்திருப்பார்கள். மகள் அப்படி ஒரு தட்டை முதன்முதலில் சாப்பிட்டபோது கண் கலங்கிவிட்டாள். எனக்கு என்னவோ அது மண் கலரில் இருக்கும் உளுந்தங்களி மாதிரிதான் தெரிந்தது. அவளிடம் சொல்லவில்லை.

இப்போது மத்ஹப் விஷயம். கொரியச் சமையலில் கடல் இல்லாத சாமான் குறைவு. கிம்ச்சியிலேயே உப்பில் புளித்த பொடி இறாலும் மீன் சாறும் போடுவார்கள். எனக்குக் கடலில் பிறந்தது எல்லாம் சரி. கணவா, ஆக்டோபஸ், எதையும் விடமாட்டேன். என் மாமியாருக்கு மீன் தவிர மற்றதெல்லாம் கூடாது. இறாலில் ஹனஃபி ஆலிம்களுக்குள்ளேயே இரண்டு பேச்சு உண்டு, மாமியார் கடினமான பக்கம். ஆகவே அவருக்காக இறால் போடாத கிம்ச்சி இருக்கிறதா என்று கேட்போம், சில இடங்களில் சைவக் கிம்ச்சி என்று தனியாக வைத்திருக்கிறார்கள். ஹேமுல் பாஜோன் என்று வெங்காயத்தாளும் கடல் சாமானும் போட்ட அடை ஒன்று வரும், அது எனக்கும் மகளுக்கும். மாமியாருக்கும் வீட்டுக்காரருக்கும் வெங்காயத்தாள் மட்டும் போட்டு ஒன்று. ஒரு மேசைக்கு இரண்டு அடை என்றால் தட்டு நிறைந்து பார்க்கவே நன்றாக இருக்கும். கிம்ச்சியைப் புளிக்கவைப்பதால் அதில் மது இருக்குமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அது நம் தயிர் புளிக்கிற அதே வகைப் புளிப்புதான். சைவச் சிநேகிதர்களைக் கூட்டிப்போனால் அவர்களுக்கும் இந்த இறால் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். முட்டைக்கோஸ்தானே என்று பாவம் அள்ளிச் சாப்பிட்டுவிடுவார்கள்.

மக்ரிபு, அதாவது அந்தித் தொழுகை, தொழுதுவிட்டுக் கிளம்புவது நல்லது. கறி சுட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்க முடியாது. நாங்கள் அண்ணா சாலை மக்கா பள்ளிவாசல் பக்கம் போனால், வீட்டுக்காரர் அங்கே தொழுதுவிட்டு வந்து சேர்ந்துகொள்வார். அதற்குள் நான் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்திருப்பேன்.

நாலு பேருக்கு முதல் தடவை என்ன சொல்லலாம்? பெரியவர்களுக்கு சம்கியேதாங் சொல்லுங்கள், வருத்தப்படமாட்டார்கள். சின்ன முழுக்கோழியின் வயிற்றுக்குள் ஒட்டும் அரிசியும் பூண்டும் கொரிய இலந்தையும் ஜின்செங் வேரும் அடைத்து, கோழி விட்டுப்போகும்வரை வேகவைத்த ஆணம். கொதிக்கக் கொதிக்க வரும். உப்பே இருக்காது, பக்கத்தில் தனியாக உப்பு வைப்பார்கள். நாமே தொட்டுக்கொள்ள வேண்டும். இதைத் தெரியாமல் என் மாமியார், “உப்பு போட மறந்துட்டான்” என்று முதல் வாய்க்கே தீர்ப்பு சொல்லிவிட்டார். அப்புறம் உப்பும் மிளகும் தொட்டு, எலும்பு வரை விடவில்லை. கொரியாவில் இதைக் குளிர் நாளில் அல்ல, கோடையின் உச்சத்தில், போக்நால் என்று மூன்று நாள் குறித்துவைத்துச் சாப்பிடுகிறார்கள். சூட்டைச் சூட்டால் அடிப்பது என்பது அவர்கள் எண்ணம். கத்திரி வெயிலில் ரசம் குடிப்பவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது.

இரண்டாவதாக ஒரு புல்கோகியோ கோழிச் சூட்டுக்கறியோ, மேசையில் சுடுவதாக. மூன்றாவதாகக் கல்சட்டி பிபிம்பாப். சோற்றின் மேல் கீரை, காரட், முளைகட்டிய பயறு, கறி, முட்டை எல்லாம் வட்டமாக அடுக்கி வரும். அந்த அழகைப் பார்த்து மனம் வராமல் ஓரமாகச் சாப்பிடுகிறார்கள் நம் ஆட்கள். கிளறிவிட வேண்டும், நன்றாக, அடிவரை. ஆனால் உடனே கிளறாதீர்கள். இரண்டு நிமிஷம் விட்டால் அடியில் சோறு காந்தல் பிடிக்கும். சட்டியடிச் சோற்றுக்குச் சண்டை போட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மகளுக்குத் தொக்பொக்கி. எனக்கு அது ரப்பர் கொழுக்கட்டையைக் காரக்குழம்பில் போட்ட மாதிரி. இந்த விஷயத்தில் எங்கள் வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது.

போன மாதம் இப்படி நாலு பேர் சாப்பிட்டு 3,600 ரூபாய் ஆனது. பிரியாணியோடு ஒப்பிட்டுப் பார்த்து நெஞ்சில் கைவைக்காதீர்கள். பாஞ்சான் என்று ஏழெட்டுக் கிண்ணங்களில் வரும் கிம்ச்சி, கீரை, முளைப்பயறு, நெத்திலி வறுவல் எல்லாம் காசில்லாதவை. தீர்ந்தால் இன்னொரு தரம் கேட்கலாம், வெட்கமே வேண்டாம். நெத்திலியைச் சர்க்கரைப் பாகில் வறுத்திருப்பார்கள். மாசியும் கருவாடும் தின்று வளர்ந்த நாக்குக்கு முதலில் திகைப்பாகத்தான் இருக்கும்.

சாப்பிடும் முறையில் நாம் நினைப்பதைவிட அவர்கள் நமக்குப் பக்கம். எல்லாம் நடுவில் இருக்கும், எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். களரி விருந்தில் சஹன் என்ற பெரிய பொதுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. பெரியவர் கரண்டியை எடுத்த பிறகுதான் சின்னவர்கள் தொடுவார்கள். இங்கேதான் எங்களுக்குச் சிக்கல் வந்தது. என் மாமியார் பிள்ளைகள் சாப்பிட்டபின்தான் வாயில் வைப்பார். ஒருநாள் வீட்டுக்காரரின் கொரிய மேனேஜரும் எங்களோடு சாப்பிட வந்தார். அவர் மாமியாருக்காகக் காத்திருக்க, மாமியார் அவருக்காகக் காத்திருக்க, கறி கரிந்துபோனது.

சோற்றுக்கும் ஆணத்துக்கும் கரண்டி, மற்றதற்குத்தான் குச்சி. அவர்கள் குச்சி எவர்சில்வர், தட்டையாக வழுக்கும். முடியாவிட்டால் முள்கரண்டி கேளுங்கள், மானம் ஒன்றும் போகாது. ஆனால் குச்சியைச் சோற்றில் நட்டுவைக்காதீர்கள், அது இறந்தவர்களுக்குப் படைப்பதுபோல ஆகும். சுட்ட கறியைப் பணியாளர் கத்தரிக்கோலால் வெட்டுவார், பயப்பட வேண்டாம். ஒரு லெட்டூஸ் இலையை உள்ளங்கையில் விரித்து, கறி ஒரு துண்டு, சம்ஜாங் என்ற சோயா விழுது கொஞ்சம், பூண்டு ஒரு சில்லு, சோறு கொஞ்சம் வைத்து, வெற்றிலை மடிப்பதுபோல மடித்து ஒரே வாயில் போட வேண்டும். கடித்துக் கடித்துத் தின்பது கிடையாது. இது கையால் சாப்பிடுவதுதான், அதனால் மேசையில் மற்ற எல்லாரையும்விட என் மாமியார்தான் இதில் கெட்டி. சம்ஜாங் டப்பாவையும் கோச்சுஜாங் போலவே பார்த்துக்கொள்ளுங்கள்.

குடிக்க பொரிச்சா வரும், வறுத்த பார்லியை வேகவைத்த தண்ணீர். பீர் நிறத்தில் இருக்கும், பீர் இல்லை. இனிப்பாக வேண்டும் என்றால் சிக்கே கேளுங்கள், சில்லென்று அரிசி மிதக்கும் பானம், அதுவும் போதை இல்லாதது. ஆனால் பக்கத்து மேசையில் நீர்மோர் மாதிரி வெள்ளையாக ஒன்று இருந்தால், ‘அதே வேணும்’ என்று கைகாட்டிவிடாதீர்கள். அது மக்கொல்லியாக இருக்கலாம், அரிசிக் கள்.

பொரித்த கோழியை மட்டும் பார்சல் வாங்கலாம். இரண்டு தடவை பொரிப்பதால் அண்ணா நகரிலிருந்து ராயப்பேட்டை வரும்வரைகூட மொறுமொறுப்புப் போகாது. பிபிம்பாப்பைப் பார்சல் வாங்காதீர்கள். அது கல்சட்டி இல்லாமல் வெறும் கலந்த சோறு.

கடைசியாகப் பெண்களுக்கு ஒன்று. புது புர்கா, பட்டுத் துப்பட்டா, எதையும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். மேலே எத்தனை பெரிய புகைக்குழாய் வைத்திருந்தாலும் கறிப்புகை துணியில் ஏறிவிடும். நான் இதற்கென்றே பழைய கறுப்பு புர்கா ஒன்று வைத்திருக்கிறேன். வந்ததும் பால்கனியில் தொங்கவிடுவேன். மறுநாள் காலை எதிர்வீட்டு அம்மா, “நேத்து பார்பிக்யூவா?” என்று கேட்பார்.